நெய் ஜாடி

எங்கள் வீட்டு நெய் ஜாடிக்கு நான்தான் காவல்காரன். ஆறு வருஷங்களுக்கு முன்பு அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், "கொலஸ்டிரால் ஏறியிருக்கிறது, நெய்யைக் குறையுங்கள்" என்றார். அன்று ஏற்ற உத்தியோகம். அவர் குறைக்கச் சொன்னார்; நான் நிறுத்தியே விட்டேன்.

"ஏண்டா, பருப்புக்கு ஒரு சொட்டு விட்டால் குடியா முழுகிப்போகும்?" என்பாள் அம்மா. நான் அசைந்து கொடுக்கமாட்டேன்.

சென்ற வருஷம் அவளுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. முதலில் அடுப்பில் வைத்த பால். பிறகு அடுத்த வீட்டுக்காரர் பெயர். ஒரு நாள் காலையில் என்னையே பார்த்து, "அண்ணா, எப்போ வந்தீங்க?" என்றாள். மாமா காலமாகி இருபது வருஷம் ஆகிறது.

பார்க்க வந்த சித்தப்பா, "மூளையே கொழுப்பாலானதுடா. நெய்யை நிறுத்தி நீதான் அதை வற்ற வைத்துவிட்டாய்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிட்டுப் போனார். எனக்கு அன்று இரவு தூக்கமில்லை.

மறுநாள் முதல் புஸ்தகங்களைப் புரட்டினேன். சித்தப்பா சொன்னதில் பாதி நிஜம். உடம்பின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான்; ஆனால் உடம்பிலுள்ள கொலஸ்டிராலில் 20 முதல் 25 பங்கு அங்கே இருக்கிறது. அதில் பெரும்பகுதி, மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை போல நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் உறையில்தான் இருக்கிறது.

மறு பாதி சித்தப்பாவுக்குத் தெரியாது. மூளை கடைச் சரக்கு வாங்குவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்டிரால் அதைத் தாண்டுவதில்லை. தனக்கு வேண்டியதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. அங்கே ஓர் அணுவிலிருந்து இன்னோர் அணுவுக்கு அதைச் சுமந்து செல்லும் கூலியாள், 'அபோ-ஈ' என்ற புரதம். அதில் '4' என்று எண்ணிட்ட ரகத்தோடு பிறந்தவர்களுக்கு அல்ஸைமர் நோய் வரும் அபாயம் அதிகம் என்று 1993-இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையார் கண்டார்கள். 'நீமன்-பிக் சி' என்று ஒரு வியாதி. அதில் கொலஸ்டிரால் அணுவுக்குள்ளேயே தேங்கிக்கொள்கிறது. சின்னக் குழந்தைகளுக்குக்கூட நடை தள்ளாடி, அறிவு மங்கிவிடுகிறது. சரக்கு இருந்தால் மட்டும் போதாது. உரிய இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

அம்மாவின் வியாதிக்கு எது காரணமோ, நான் நிறுத்திய நெய் அல்ல. அப்பாடா என்று பக்கத்தைத் திருப்பினேன். நடுவயதில் ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் மிகுந்தால் பிற்காலத்தில் மறதி நோய் வரும் அபாயம் கூடும் என்று 2024-இல் 'லான்செட்' பத்திரிகையின் நிபுணர் குழு எழுதியிருக்கிறது. நடுவயது என்றால் என் வயது! அம்மாவின் இலையில் காவல் காத்தவன், என் இலையில் இத்தனை வருஷமும் தாராளமாகத்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டரைப் போய்க் கேட்டேன். "இந்த வயதில் ஒரு ஸ்பூன் விடுங்கள், பாதகமில்லை" என்றார்.

நேற்று மத்தியானம் அம்மாவின் பருப்புச் சாதத்தில் நெய் விட்டேன். குழந்தை மாதிரி மோந்து பார்த்தாள்.

"உங்களுக்கு அண்ணா?"

"எனக்கு வேண்டாம்."

அவள் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஜாடியைச் சட்டென்று உள்ளே வைத்துவிடுங்கோ. என் பிள்ளை வந்துவிடுவான்."