கரிசல் சீமையில் ஒரு நாயனம்

கோவில்பட்டி என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு ஞாபகம் வருவது கடலை மிட்டாய். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. வீட்டு எஜமானிகளுக்குத் தீப்பெட்டி ஞாபகம் வரலாம். ஆனால் சங்கீதம் என்று சொன்னால் மட்டும் எல்லோரும் தஞ்சாவூர்ப் பக்கம்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். காவேரித் தண்ணீர் பாயாத இடத்தில் ராகம் விளையாது என்று யாரோ சட்டம் போட்டுவிட்டாற் போல!

தண்ணீர் பாயாத இடம் என்பது வாஸ்தவம்தான். மதுரையிலிருந்து தெற்கே ரயிலில் போகிறவர்கள் சாத்தூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். கண்ணுக்கெட்டிய மட்டும் கறுப்பு மண். நடு நடுவே உடை மரங்கள். எங்கேயோ ஒரு பனை. கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டாலோ, காலை வைத்தால் செருப்பைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தப் பிடிவாத குணத்தில்தான் அதன் பெருமையும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் குடித்த மழையை விட்டுவிடாமல் அடிமண்ணில் பிடித்து வைத்துக்கொண்டு, பருத்திக்கும் சோளத்துக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். சிக்கனமான மாமியார் எண்ணெய் அளந்து கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்த மண்ணில் என்ன பயிர் செய்யலாம் என்று ஆராய்வதற்காகவே 1901-ல் கோவில்பட்டியில் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையை ஏற்படுத்தினார்கள்.

இந்த வறட்டுச் சீமையைச் சுற்றி இருக்கும் சங்கீதத்தைப் பாருங்கள். கிழக்கே எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர் என்று பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்குத் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் காலமானதும் அங்கேதான். அவருடைய சமாதியும் அங்கே இருக்கிறது. அவர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர், 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி' என்ற பெரிய கிரந்தத்தை 1904-ல் அந்த ஊரில்தான் அச்சேற்றினார். மேற்கே கழுகுமலை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், அந்த மலை முருகன்மேல் பாடிய காவடிச் சிந்து, காவடி தூக்கிப் போகிறவர்களின் வாயிலேயே ஊர் ஊராகப் பரவிவிட்டது. அப்போது தட்டும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. பிறகு விளாத்திகுளம் சுவாமிகள் என்று ஓர் அபூர்வ மனிதர். நல்லப்ப சுவாமிகள் என்பது பெயர். கீர்த்தனையைத் தேடிப் போகாமல் ராகத்தை மாத்திரமே மணிக்கணக்காகப் பாடுவார். வார்த்தையே வேண்டாம், கேட்க வந்த சம்சாரிகள் மெய் மறந்து உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து இடைசெவலில் பிறந்து பிரசித்தி பெற்ற எழுத்தாளர்களான கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இப்படிப்பட்ட சங்கீதச் சூழ்நிலையில் வளர்ந்தவர்கள்தான்.

சுவாமிகளிடம் பெருமதிப்பு வைத்திருந்த ஒருவரைத் தேடித்தான் நான் கோவில்பட்டிக்குப் போனேன். அவர் காருகுறிச்சி அருணாசலம். 1921-ல் பிறந்தவர், நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். காருகுறிச்சி எங்கே இருக்கிறது? தாமிரபரணிப் பாசனத்தில், நெல்லும் வாழையும் செழிக்கிற சேரன்மாதேவிப் பக்கம். கரிசல் காட்டுக்காரர்கள் ஆற்றுப் பக்கம் பெண் கொடுக்க ஆசைப்படுவார்கள். குடம் தூக்கி மைல் கணக்கில் நடக்க வேண்டாமே என்று. இவரோ ஆற்றங்கரையை விட்டுக் கோவில்பட்டிக்கு வந்து வீடு வாங்கிக் குடியேறினார்!

இது என்ன கூத்து என்று எனக்கும் தோன்றியது. ஊர்ப் படத்தை விரித்துப் பார்த்தபோது ஒரு காரணம் புலப்பட்டது. கோவில்பட்டி, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ரயில் பாதைமேல், பெரிய ரஸ்தாமேல் இருக்கிறது. கிழக்கே தூத்துக்குடிக்கும், மேற்கே சங்கரன்கோவில், ராஜபாளையத்துக்கும் போகலாம். ராத்திரிக் கச்சேரியை ஓர் ஊரில் முடித்துவிட்டு, மறுநாள் முகூர்த்தத்துக்கு இன்னோர் ஊரில் நிற்க வேண்டிய மனிதருக்கு இதைவிடத் தோதான ஊர் எது?

நாயனக்காரரின் வாழ்க்கை பாதிக்கு மேல் பிரயாணம்தான். 'செட்' என்பார்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், சுருதிக்கு ஒத்து, தாளம் - இவ்வளவு பேரும் சேர்ந்து கிளம்ப வேண்டும். பேர் பெற்றவர்கள் காரில் போவார்கள். மற்றவர்கள் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும். தவிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்காருவது கைக்குழந்தையுடன் உட்காருவதைவிடக் கஷ்டம். நாயனத்தின் உயிர் சீவாளியில் இருக்கிறது. நாணல் தட்டையைப் பதப்படுத்திச் செய்த அந்தச் சின்னத் துண்டு சரியாக இல்லையென்றால், எப்பேர்ப்பட்ட வித்வானும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் நாலைந்து சீவாளிகளைக் கயிற்றில் கோத்து வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். கல்யாண வீட்டில் நாம் பார்த்திருக்கிறோம். அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

இந்தப் பிரயாணத்துக்கு அட்டவணை போட்டுக் கொடுப்பது மழைதான். ஐப்பசி மழை தப்பாமல் பெய்தால், தை, மாசியில் தானியமும் பருத்தியும் வீடு வரும். கையில் காசு புரண்டால் பங்குனி, சித்திரையில் அம்மனுக்குக் கொடை நடக்கும். பெண்ணுக்குக் கல்யாணமும் நிச்சயமாகும். ஆடி வந்தால் முகூர்த்தம் நின்றுவிடும், மார்கழியிலும் அப்படியே. மழை பொய்த்த வருஷம் சம்சாரி வீட்டு அடுப்பு மட்டுமா மந்தமாகும்? மேளக்காரர் வீட்டு அடுப்பும் சேர்ந்துதான்.

இனி அந்த இசைத்தட்டுக்கு வருவோம்.

1962 பொங்கலுக்கு 'கொஞ்சும் சலங்கை' படம் வெளிவந்தது. திரையில் ஜெமினி கணேசன் நாயனம் வாசிக்க, சாவித்திரி பாடுவார். உண்மையில் பாடியவர் எஸ். ஜானகி, வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம், இசையமைப்பு எஸ். எம். சுப்பையா நாயுடு. 'சிங்காரவேலனே தேவா' என்ற அந்த ஆபேரி ராகப் பாட்டு தமிழ்நாட்டையே ஓர் ஆட்டு ஆட்டிவிட்டது. கோயில் வீதியில் ஒரு மைல் தூரம் கேட்கிற வாத்தியத்தோடு ஒரு பெண் குரல் சரிக்குச் சரி ஸ்வரம் பாடுவதாவது! அதற்கு முன் யார் கேட்டிருந்தார்கள்?

மேல்நாட்டில் ராக் கோஷ்டிகள் ஓர் ஆல்பம் வெளியிட்டால், உடனே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் புறப்பட்டுவிடும். புதுப் பாட்டு ஆளை இழுக்கும்; ஆள் வந்தால் தட்டு விற்கும். அதே 1962-ல், அக்டோபர் மாதம், லிவர்பூலைச் சேர்ந்த பீட்டில்ஸ் என்ற நான்கு பையன்கள் பார்லோபோன் கம்பெனிக்காகத் தங்கள் முதல் இசைத்தட்டை வெளியிட்டுவிட்டு, வேனில் ஏறி இங்கிலாந்தைச் சுற்றக் கிளம்பினார்கள். அப்புறம் உலகத்தையே சுற்றினார்கள். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காமல் போகவே, 1966 ஆகஸ்டில் ஸான் பிரான்சிஸ்கோவோடு சுற்றுப்பயணத்துக்கே முழுக்குப் போட்டார்கள்.

நம் நாயனக்காரர் தட்டுக்காகச் சுற்றுப்பயணம் கிளம்பவில்லை. அவர் சுற்றிக்கொண்டிருந்த ஊர்களுக்குத் தட்டுதான் முந்திக்கொண்டு போய்விட்டது. டீக்கடை ரேடியோவிலும் கல்யாணப் பந்தல் ஒலிபெருக்கியிலும் அவருக்கு முன்னாலேயே அவர் வாசித்துக்கொண்டிருந்தார்! அப்புறம் கேட்க வேண்டுமா? போன இடமெல்லாம் ஜனங்கள், "சிங்காரவேலனே!" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தக் காலத்து இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷத்துக்கு மேல் இடம் கிடையாது. நாயனமோ ராத்திரி முழுவதும் வாசிப்பதற்கென்றே ஏற்பட்டது. ஸ்வாமி புறப்பாட்டில் மல்லாரி முழங்கும். பிறகு வீதி வீதியாக ராகம் வளரும். தெருமுனையில் ஸ்வாமி நின்றால் ராகமும் நிற்கும், நகர்ந்தால் நகரும். இவருடைய குருநாதரின் தோடி இசைத்தட்டும் தமிழ்நாடெங்கும் சுழன்றதுதான். நாயனக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்து, மேடையில் உட்கார்ந்து வாசித்த மனிதர் அவர். ஆனால் தோடி தட்டைக் கேட்டவர்கள் நீண்ட தோடியைக் கேட்க ஆசைப்பட்டு வந்தார்கள். சினிமாத் தட்டைக் கேட்டு வந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பாட்டுக்கு அப்புறமும் உட்கார்ந்திருந்தார்கள்? என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்: அவர்களில் நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேர் போதும். சினிமாவில் வாசித்ததால் வித்தை கெட்டுப் போயிற்று என்று அங்கலாய்க்கிறவர்களுடன் நான் சேரமாட்டேன்.

அந்த நாலு பேருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை என்பதுதான் துக்கம். 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி காருகுறிச்சியார் காலமானார். நாற்பத்து மூன்று வயது கூட நிறையவில்லை. படம் வந்து இரண்டே கால் வருஷம்.

கோவில்பட்டியில்தான் அவருடைய நினைவிடம் இருக்கிறது. கடலை மிட்டாய்க் கடை அண்ணாச்சி ஒருவரிடம் வழி கேட்டேன்.

"யாரு, சிங்காரவேலனே வாசிச்சவரா தம்பி?" என்றார்.

"ஆமாம், அண்ணாச்சி."

"அப்படிச் சொல்லுங்க!" என்று கடையை விட்டு இறங்கி வந்து கையைக் காட்டினார். தட்டு அவருடைய பெயரையே மாற்றி வைத்துவிட்டது. ஆனாலும் வழி காட்டியதும் அந்தத் தட்டுதானே?

2021-ல் அவருடைய நூற்றாண்டு வந்து போயிற்று. கரிசல் காட்டு நாயனக்காரர்களின் பாட்டையும் பாடுகளையும் வைத்து எஸ். ராமகிருஷ்ணன் எழுதிய 'சஞ்சாரம்' நாவலுக்கு 2018-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. வித்தைக்குக் கைதட்டிவிட்டு, வித்வானைத் திண்ணைக்குக் கீழே நிறுத்துகிற ஊர்களைப் பற்றி அதில் படித்தால் மனசு கனத்துப் போகிறது. இப்போது பல கல்யாணங்களில் செட் பிடிப்பதே இல்லை. முகூர்த்த நேரத்தில் யாரோ ஒரு பையன் கைப்பேசியைத் தட்டுகிறான். ஒலிபெருக்கியில் கெட்டிமேளம் கொட்டுகிறது. நாயனக்காரரைத் தேடி ஆளை அனுப்பிய தட்டு, இன்று நாயனக்காரர் நிற்க வேண்டிய இடத்தில் தானே வந்து உட்கார்ந்துகொண்டது. தாலி கட்டச் சற்றுத் தாமதமானால் நாயனக்காரர் ராகத்தை இழுத்துச் சமாளிப்பார். மாப்பிள்ளையின் அத்தை இன்னும் வந்து சேரவில்லை என்பது கைப்பேசிக்கு எப்படித் தெரியும்?

கோவில்பட்டி போகிறவர்கள் பங்குனி மாதத்தில் போனால் செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவைப் பார்க்கலாம். ஐப்பசியில் அம்மனுக்குத் திருக்கல்யாணம். நல்ல மழை பெய்திருந்தால் வழியெல்லாம் கரிசல் பச்சைப் பசேலென்று இருக்கும்.

திரும்பும்போது ரயிலில், காருகுறிச்சியார் வாசித்த ராக ஆலாபனை ஒன்றைக் கைப்பேசியில் கேட்டுக்கொண்டு வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் சற்று நேரம் கவனித்துவிட்டு, "இது என்ன பாட்டு?" என்று கேட்டார். பாட்டு இல்லை, வெறும் ராகம் என்றேன்.

"அப்படியா? கொஞ்சம் சத்தமாகத்தான் வையுங்களேன்" என்றார். வைத்தேன். சாத்தூர் வந்தது. ராகம் இன்னும் முடியவில்லை.