குழாய் வழியே வரும் மை

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் இயந்திரம் மலிவு, மைதான் செலவு. இந்திய வீடுகளில் பரவலாக இருந்த எச்.பி. 678 கார்ட்ரிட்ஜில் கறுப்பு மை ஏறத்தாழ 480 பக்கங்களுக்கும் வண்ண மை 150 பக்கங்களுக்கும் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. சென்னை ஆதம்பாக்கம் போன்ற குடியிருப்புப் பகுதியில் பள்ளி புராஜெக்ட், ஹால் டிக்கெட், ஆதார் நகல் என்று தேவை ஓய்வதில்லை. ஒரு பக்கத்துக்காக ஜெராக்ஸ் கடைக்கு மாடி இறங்கிப் போகாமல் இருக்க வாங்கிய பிரிண்டர், மை வாங்கக் கட்டுப்படியாகாமல் துணி போர்த்தி மூலையில் கிடக்கும் நிலை வருத்தத்துக்குரியது.

இதற்கு மக்கள் முதலில் கண்ட வழி ஊசி. ரிச்சி தெருவில் மை பாட்டிலும் சிரிஞ்சும் வாங்கிவந்து, காலி கார்ட்ரிட்ஜில் துளையிட்டு நிரப்பினார்கள். மை தீரும்போதெல்லாம் விரல்களில் கறை ஏறியது. அடுத்த படியாக வந்ததே தொடர் மை வழங்கும் அமைப்பு. கடைக்காரர்கள் வாயில் அது சி.ஐ.எஸ்.எஸ். பிரிண்டருக்கு வெளியே நிறத்துக்கொன்றாக நான்கு தொட்டிகள், அவற்றிலிருந்து பட்டையாக ஒட்டிய மெல்லிய குழாய்கள், குழாய் முனையில், தாளில் மையைத் தெளிக்கும் ஹெட்டுக்கு மேல் உட்காரும் சிறு கார்ட்ரிட்ஜ்கள். மை தீர்ந்ததாகக் கணக்கு முடிந்தாலும் தானே மறுபடி தொடங்கும் சிப் அந்தக் கார்ட்ரிட்ஜ்களில் இருக்கும்.

இந்த அமைப்பின் உயிர்நாடி தொட்டி இருக்கும் உயரம். சாதாரண கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பஞ்சு மையைச் சற்றே பின்னிழுத்துப் பிடித்திருப்பதால்தான் அது நுண்துளைகள் வழியே ஒழுகுவதில்லை. வெளித் தொட்டியில் அந்த வேலையை உயர வேறுபாடு செய்கிறது. பிரிண்டர் இருக்கும் மேசை மீதே தொட்டியும் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று மேல் தட்டில் வைத்தால் மை தானாக இறங்கி இயந்திரத்தின் வயிற்றை நனைக்கும். தரையில் வைத்தால் மை ஏறாமல் குழாயில் காற்று புகும்.

தொட்டியில் இரண்டு அறைகள் உண்டு. பெரியது மைக்கு, சிறியது காற்றுக்கு. மை குறையக் குறைய அழுத்தம் மாறாமல் இருப்பதற்கு 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிவியலாளர் மாரியோட் பெயரால் வழங்கும் குப்பியின் தத்துவமே அடிப்படை. ஆகவே நிரப்பும்போது சிறிய அறையை மூடி, பெரிய அறையில் மை ஊற்றி, அதை ரப்பர் அடைப்பானால் இறுக்கிய பிறகே காற்றுத்துளையைத் திறக்க வேண்டும். காற்றுத்துளை மூடியே கிடந்தால் சில பக்கங்களில் எழுத்து வெளிறும்.

வெளியார் தொட்டி பொருத்தினால் வாரன்டி போய்விடும் என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. வீடுகளும் சிறு கடைகளும் கண்ட வழியைக் கடைசியில் நிறுவனங்களே ஏற்றன. எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் தொட்டியுடன் கூடிய பிரிண்டரை அறிமுகப்படுத்தியது. கேனனின் ஜி வரிசை 2015இலும் எச்.பி.யின் ஜி.டி. வரிசை 2016இலும் வந்தன. எப்சனின் 664 வகை மையில் 70 மில்லி கறுப்பு பாட்டில் ஒன்று 4,000 பக்கங்களுக்கும், மூன்று வண்ண பாட்டில்களும் சேர்ந்து 6,500 பக்கங்களுக்கும் வரும் என்று கணக்கிடப்பட்டது.

மையில் இரண்டு வகை உண்டு. சாயம் நீரில் கரைந்திருப்பது டை மை. வண்ணத் துகள் நீரில் மிதப்பது பிக்மென்ட் மை. டை மையில் அச்சிட்ட ஹால் டிக்கெட் ஐப்பசி மழையில் நனைந்தால் எழுத்து கரையும், பிக்மென்ட் தாங்கும். ஆனால் டை மைக்கென அமைந்த பிரிண்டரில் பிக்மென்டை ஊற்றினால் துளை அடைபடும். எப்சனில் ஹெட் இயந்திரத்தோடு சேர்ந்தது, மாற்றச் செலவு அதிகம். எச்.பி., கேனனின் பல மாடல்களில் அதைத் தனியே கழற்றி மாற்றலாம்.

இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது இந்தக் குழாய்களுக்கும் பொருந்தும். ஓடாத மை துளை வாயில் உலர்கிறது. வாரம் ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கம் அச்சிட்டால் பெரும்பாலும் போதும். பிரிண்டரை அதன் பொத்தானில்தான் நிறுத்த வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் ரப்பர் மூடியில் அடங்கும். சுவர் சுவிட்சை அணைத்தால் அது பாதி வழியில் திறந்தே நிற்கலாம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஜூனில் திரும்பும் குடும்பங்கள் முதலில் துளைகளைச் சோதிக்கும் நாஸில் செக் பக்கம் ஒன்றை எடுத்துப் பார்ப்பது நல்லது. கோடுகள் விட்டுவிட்டு வந்தால் ஹெட் கிளீனிங்கை ஓரிரு முறை செய்து, இரவு முழுதும் விட்டுவைத்து மறுநாள் பார்க்க வேண்டும். பதறிப் போய்ப் பத்து முறை செய்வது வீண். ஒவ்வொரு கிளீனிங்கிலும் வெளியேறும் மை அடியிலுள்ள பஞ்சில் சேர்கிறது. அந்தப் பஞ்சு நிரம்பியதாகக் கணக்கு வந்ததும் பிரிண்டர் நின்றுவிடும். பிறகு சர்வீஸ் ஆள் வந்து பஞ்சை மாற்றி, கணக்கைப் பூஜ்யமாக்கினால்தான் அடுத்த பக்கம் வரும்.