அந்த 3 மில்லிமீட்டர்

இந்த இதழை நீங்கள் போனில்தான் படிப்பீர்கள். திரைக்கு ஓரம் வெட்டும் வேலை கிடையாது. அதனால் இரண்டு வருஷமாக மின்னிதழ் வடிவமைத்த எனக்கு, அச்சுக்கு 'ப்ளீட்' வேண்டும் என்பது காதில் விழுந்த செய்தி மட்டும்தான். போன வருஷம் தமிழ் மன்ற ஆண்டு மலரை 200 பிரதி அச்சடிக்கலாம் என்று முடிவானபோதுதான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

ப்ளீட் என்றால் என்ன? அச்சகத்தில் பெரிய தாளில் அச்சடித்து, பிறகு கட்டிங் மெஷினில் கொடுத்து வெட்டுவார்கள். கத்தி ஒரு இம்மி விலகத்தான் செய்யும். பின்னணி நிறம் பக்க ஓரத்தோடு நின்றுவிட்டால், அந்த விலகல் வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்கும். அதனால் நிறத்தை நாலு பக்கமும் பெரும்பாலும் 3 மி.மீ. வெளியே நீட்டி விடுவார்கள். ஏ4 பக்கம் 210 × 297 மி.மீ. ப்ளீடோடு சேர்த்தால் 216 × 303.

அட்டைப்படம் வரைந்தது ஒரு முதலாமாண்டு தங்கச்சி. இல்லஸ்ட்ரேட்டரில் ப்ளீட் எல்லாம் விட்டு ஒழுங்காகத்தான் கொடுத்தாள். வலது கீழ் மூலையில், ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே, பொடி எழுத்தில் அவள் பெயர். "அண்ணா, என் பேரு முதல்தடவையா அச்சுல வருது. அப்பாவுக்கு ஒரு காப்பி எடுத்து வைங்க" என்று வேறு சொல்லியிருந்தாள்.

இன்டிசைனில் படத்தைக் கொண்டுவந்தேன். ஃப்ரேமைச் சிவப்பு ப்ளீட் கோடு வரை இழுத்தால், படம் பக்க ஓரத்தோடு நின்றுவிட்டது. வெளியே வெள்ளை. மணி இரவு ஒன்று. காலையில் ஃபைல் போகணும். 'வெக்டர்தானே, எவ்ளோ பெருசாக்கினாலும் உடையாது' என்று 'ஃபில் ஃப்ரேம் ப்ரொபோர்ஷனலி'யை அமுக்கினேன். வெள்ளை போச்சு. நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 210-ஐ 216 ஆக்கினால் கிட்டத்தட்ட 2.9% பெரிதாகிறது. பக்கத்தின் நடுவிலிருந்து 101 மி.மீ. தள்ளி முடிந்த பெயர், ஏறக்குறைய 104-க்குப் போய்விட்டது. வெட்டுவது 105-ல். அதாவது 4 மி.மீ. இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. கத்தி வழக்கம்போல் இம்மி விலகியது. பாதிப் பிரதிகளில் அவள் பெயரின் கடைசி எழுத்து இல்லை.

அச்சகத்து மேல் தப்பே இல்லை. படத்தில் இருந்த ப்ளீடை உள்ளே வரவிடாமல் வாசலிலேயே நிறுத்தியது நான்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் சேமிக்கும்போது 'கிரியேட் பிடிஎஃப் கம்பாட்டிபிள் ஃபைல்' டிக் இருக்கட்டும். இன்டிசைனில் 'பிளேஸ்' கொடுக்கும்போது 'ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்' டிக் பண்ணுங்கள். அடுத்து வரும் பெட்டியில் 'கிராப் டு' என்று ஒரு பட்டியல் இருக்கும். எனக்கு அது 'ட்ரிம்'மில் இருந்தது. நான் திறந்தே பார்க்கவில்லை. அதை 'ப்ளீட்' ஆக்குங்கள். படம் 216 × 303 ஆகவே உள்ளே வரும். அதைச் சிவப்புக் கோட்டின் மூலையில் பொருத்தினால் போதும், இழுக்கவே வேண்டாம். அளவு 100% இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கடைசியில் பிடிஎஃப் எடுக்கும்போது 'யூஸ் டாக்குமென்ட் ப்ளீட் செட்டிங்ஸ்' டிக்கை மறந்தால், இவ்வளவும் வீண். பெயர், லோகோ எதுவானாலும் ஓரத்திலிருந்து 5 மி.மீ.யாவது உள்ளே தள்ளி வையுங்கள்.

மலர் வந்த அன்று நல்லதாக ஒரு பிரதி தேடிக் கொடுப்பதற்குள், அவளே மேலே கிடந்த ஒன்றை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் மூலையைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, வெட்டுப்பட்ட பெயருக்கு மேலே முழுப் பெயரையும் எழுதினாள். "விடுங்கண்ணா, அப்பா கையெழுத்துன்னு நெனச்சுப்பாரு" என்றாள்.

இந்த வருஷ மலருக்கும் அட்டை அவள்தான் வரைகிறாள். ஃபைல் அனுப்புமுன் நான் முதலில் பெரிதாக்கிப் பார்க்கப்போவது அந்த வலது கீழ் மூலையைத்தான்.