போடிக்குப் போகும் தண்டவாளம்

மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே 90 கிலோமீட்டர் செல்லும் இருப்புப்பாதை, 1928-இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெயர்த்தெடுக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் மறுபடியும் போடப்பட்டு, 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டு, 2023 ஜூன் 15 அன்று மீண்டும் போடியை அடைந்தது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில், ஊருக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் ரயில் இல்லை என்றே சொல்லிவந்தேன். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து பேருந்துகள் போய்க்கொண்டேதான் இருந்தன.

காலை வண்டியில் ஏறினேன். உசிலம்பட்டி வரையில் மானாவாரி நிலம். அதன் பிறகு ஆண்டிபட்டிக் கணவாய். இதே கணவாயை 1985-இல் எதிர்த்திசையில், மீட்டர்கேஜ் வண்டியின் வாசற்படியில் நின்றபடி கடந்தபோது, மேற்கு மலை கண்ணுக்கு மறைந்ததும் எனக்கு உண்டான ஆறுதலை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது.

அப்போது நான் ஏலக்காய்க் கடையொன்றில் கணக்கெழுதி வந்தேன். பச்சைக் காய் 5 கிலோ, ஸ்டோர் என்னும் உலர்த்தும் கூடத்தில் உலர்ந்தால் 1 கிலோ தேறும். அவ்வளவு அருமையான சரக்கில் 2 கிலோவை ஒரு சீட்டாட்டக் கடனுக்காக நான் எடுத்து விற்றேன். எடை குறைந்தது தெரிந்தபோது, காய் பொறுக்கும் பெண்களில் ஒருத்தியின் மீது சந்தேகம் விழுந்தது. மதிய வேளைகளில் தன் தூக்குச்சட்டியிலிருந்து எனக்கும் ஒரு கை சோறு எடுத்து வைத்த அக்கா அவள். கடை வாசலில் எல்லோரும் பார்க்க அவளுடைய முந்தானையை உதறிக் காட்டச் சொன்னபோது, நான் பேரேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தேன். அந்த அபவாதத்துக்குப் பிறகு ஊரில் எந்தக் கடையும் அவளைச் சேர்க்கவில்லை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, முந்தலைத் தாண்டி, போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, ஏலத்தோட்டங்களில் களையெடுக்கப் போனாள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

வைகைப் பாலமும் தேனியும் கடந்தன. தேனிக்கப்பால் வண்டி மலையை நோக்கியே ஓடுகிறது. மலை மேலே உயர உயர, எங்கே திரும்பினாலும் அதுவே தெரிகிறது. இறங்கிப் போய்விடலாமா என்ற எண்ணம் அங்கேதான் எனக்கு வந்தது. ஆனால் தேனிக்கும் போடிக்கும் இடையே 15 கிலோமீட்டர். யோசித்து முடிக்குமுன் ஸ்டேஷன் வந்துவிட்டது.

அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. வழியெல்லாம் மனத்துள் கோத்துவைத்த வாக்கியங்களில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "அக்கா, அந்த ரெண்டு கிலோவை எடுத்தது நான்தான்" என்று மட்டும் சொன்னேன்.

வெகுநேரம் அவள் பேசவில்லை. பிறகு, "நான் எடுக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமேப்பா. எங்கிட்ட வந்து சொல்லி என்ன பண்ண? தெரியாதவுக கிட்டப் போயிச் சொல்லு" என்றாள்.

முதலாளி காலமாகிவிட்டார், கடையில் இப்போது அவருடைய பிள்ளைதான் இருக்கிறார் என்றேன்.

"இருக்கட்டும். அந்தப் பிள்ளையும் அன்னிக்கு வாசல்ல நின்னு பாத்துச்சு" என்று சொல்லி, சுவரைப் பிடித்து எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். "இரு, நானும் வாரேன்."

அவளுடைய நடைக்கு என் நடையைக் குறைத்துக்கொண்டு, இருவருமாகக் கடைத்தெருப் பக்கம் திரும்பினோம். ஏலக்காய் வாசனை தெருமுனையிலேயே எதிர்கொண்டது.