நடுவில் கிடந்த பணம்

சூதாட்டம் கூடுமா, கூடாதா என்று கேட்டு என்னிடம் வந்தோர் பலருண்டு. சூதாட்டத்தில் வென்றவர் யார் என்று தீர்த்துவைக்கும்படி வந்தோர், நான் சொல்லப்போகும் இந்த ஐவருக்கு முன் எவருமில்லை.

திருநின்றவூரில் என் தங்கை வீட்டு மாடியில் நடந்தது அது. மடியில் நாளிதழை விரித்துச் சீட்டாடிக்கொண்டு வேலைக்குச் செல்வோரை எங்கள் அரக்கோணம் மின்வண்டியில் எவரும் காணலாம். பொழுதுபோக்கென்று பார்த்துப் பழகிவிட்டோம். தங்கை மகனும் அவன் நண்பர் நால்வருமோ கைப்பேசியில் பணம் கட்டிப் போக்கர் பழகியவர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்ட பிறகு, அதே ஆட்டத்தை மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அவர்கள் ஆடிய வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோர்க்கும் பொதுவாக ஐந்து. அந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவனது கை. அன்றிரவு நடுவில் கிடந்தவை இஸ்பேட் 4, இஸ்பேட் 9, ஆட்டின் 10, கிளாவர் ஜாக்கி, இஸ்பேட் ராஜா. என் மருமகன் கையில் ஒரு ராணி இருந்ததால் ஒன்பது முதல் ராஜா வரை வரிசை அமைந்தது. கடைசிவரை எதிர்த்து நின்ற நண்பன் கையில் இஸ்பேட் 2, இஸ்பேட் 7. ஆக, ஐந்து இஸ்பேட். ஆடுவோர் மொழியில் 'கலர்'. அவன் சீட்டைத் திறந்து வைத்து, "உன் வரிசைதான் பெரிது" என்றான். மருமகன் நடுவிலிருந்த 3,400 ரூபாயை எடுத்துக்கொண்டான். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்குமுன் மூன்றாமவன் ஒருவன், "போக்கரில் கலர் அல்லவா வரிசையை வெல்லும்?" என்று கேட்டான்.

"தோற்றதை உன் வாயாலேயே சொன்னாயே" என்றான் மருமகன். "தெரிந்தே எடுத்தாய், நீ திருடன்" என்றான் மற்றவன். வீட்டு வாடகைக்கென்று அவன் தாய் கொடுத்த பணமும் அதில் கலந்திருந்தது. இருவரும் அம்பத்தூரில் ஒரே ஆலையில் வேலை பார்ப்பவர்கள். ஒரே ஸ்கூட்டரில் போய் வருபவர்கள். மறுநாள் மருமகன் ரயிலேறிப் போனான்.

"ஹஜ்ரத், நீங்கள் சொன்னால் கட்டுப்படுகிறோம்" என்று வந்து நின்றார்கள். எனக்குச் சினம் பொங்கிற்று. ஹராமான பணத்துக்கு என் வாசலில் பஞ்சாயத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். மார்க்கத்தின் மானத்தைக் காத்துவிட்டதாக ஒரு நிறைவும் உண்டாயிற்று.

பதினொரு நாட்கள் கழித்துத் தங்கை வந்து அழுதாள். "அண்ணே, அந்தப் பிள்ளையின் தாய் தெருவில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போகிறாள்."

அன்றிரவு அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களை எடுத்து ஓதினேன். மாணவர்க்கு எத்தனையோ முறை பாடம் சொன்ன வசனங்கள்! அறியாமைக் காலத்து அரபிகள் ஆடிய மைஸிரில், அறுத்த ஒட்டகத்தின் பங்குகளுக்காகப் பத்து அம்புகளைப் பையிலிட்டு உருவுவார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்குண்டு, மூன்று வெற்றம்புகள். உருவுபவனைக் கண்காணிக்க 'ரகீப்' என்றொருவனை நிறுத்துவார்கள். வென்ற இறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவதைப் பெருமையாகவும் கொண்டார்கள். காவலும் ஈகையும் உடைய அந்த ஆட்டத்தையே திருமறை விலக்கியது. மக்களிடையே பகையும் வெறுப்பும் மூள அது வழியாகிறது என்பதை முதற் காரணமாகச் சொன்னது. நானோ விலக்கைப் பிடித்துக்கொண்டு அதன் காரணத்தைக் கைவிட்டிருந்தேன். என் கண்ணெதிரே பகை வளர, ஹராம் என்னும் சொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக்கிக்கொண்டேன்.

மறுநாள் அஸருக்குப் பின் ஐவரையும் அழைத்தேன். மானத்தை ஒரு வழக்காகவும் பணத்தை மற்றொரு வழக்காகவும் பிரித்தேன்.

போக்கர் ஆடுவோர் ஒப்புக்கொண்ட விதி, வாய்ச்சொல் செல்லாது, திறந்து வைத்த சீட்டே பேசும் என்பது. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கத் தொடங்கும்வரை பிழையைச் சுட்டலாம். நம் ஃபிக்ஹில் இக்றார், அதாவது ஒருவன் தனக்கெதிராகத் தானே தரும் ஒப்புதல், வலிய சான்றுதான். ஆனால் உள்ளதை ஒளிக்காமல் விரித்து வைத்துவிட்டு அதன் மதிப்பை மட்டும் தவறாகச் சொன்னவன், எதையும் ஒப்புக்கொடுத்தவனாகான். ஆகவே ஆட்டத்தின் முறைப்படி நண்பன் கையே பெரியது.

இருவரும் ஏன் தவறினார்கள்? சிறுவயது முதல் அவர்கள் கண்டது மூணு சீட்டு. அதில் வரிசையே கலரை வெல்லும். கணித ஆசிரியரான நண்பர் ஒருவர் போட்டுத் தந்த கணக்கைக் காட்டினேன். ஒரே இனத்தில் அமையும் வரிசையை ஒதுக்கிவிட்டால், 52 சீட்டில் மூன்றை எடுக்கும்போது வரிசை 720 வகையிலும் கலர் 1,096 வகையிலும் அமையும். ஐந்தை எடுத்தாலோ வரிசை 10,200, கலர் 5,108. எது அரிதோ அதுவே பெரிது. இருவரையும் ஏமாற்றியது ஒரே பழைய பழக்கம். இங்கே திருடன் எவனுமில்லை.

நண்பன் தலைகுனிந்து, "அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றான். சற்றுப் பொறுத்து, "அப்படியானால் பணம் எனக்கா, ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

"இல்லை, தம்பி. சூதில் வென்றது வென்றவனுக்கு உடைமையாகாது. போட்டவனிடமே திரும்ப வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் தன் 30ஆம் பிரிவில், பந்தயத்தில் வென்றதைக் கேட்டு வழக்கிட இடம் தரவில்லை. வாதத் திறமையால் என்னிடம் தீர்ப்புப் பெற்றாலும், பிறர் உரிமை உங்களுக்கு நெருப்புத் துண்டுதான் என்னும் பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே எச்சரித்திருக்க, நான் எம்மாத்திரம்?"

அவரவர் போட்டதைச் சொல்லச் சொன்னேன். கூட்டினால் 3,600 வந்தது, இருந்ததோ 3,400. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மாமா, என் கணக்கில் இருநூறைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றான் மருமகன். இறுதிவரை நின்ற இருவரும் சமமாகவே போட்டிருக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. எனவே அவன் கணக்கில் பிழையில்லை என்பது அங்கிருந்த அனைவர்க்கும் தெரியும். நண்பன் அவனை நிமிர்ந்து பார்த்தான். பதினொரு நாளுக்குப் பின் பார்த்த முதற் பார்வை அது.

இனி ஆடுவதில்லை என்று ஐவரும் வாக்களித்தார்கள். அதைக் காப்பது அவர்கள் கடமை. மறுநாள் காலை ஸ்கூட்டர் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றது. இருவரும் ஏறிச் சென்றார்கள்.

அவர்கள் கணக்கு ஒருவாறு நேராயிற்று, அல்ஹம்துலில்லாஹ். நான் கதவடைத்திருந்த அந்தப் பதினொரு நாட்கள் மட்டும் என் கணக்கில் நிற்கின்றன.