தோட்டமும் பொலிஸ் நிலையமும்

மலையகத் தோட்டங்களில் களவு போனாலும் கைகலப்பு மூண்டாலும் மக்கள் முதலில் நாடுவது தோட்டத் தலைவரையே. அவரால் இயலாதபோது துரையின் அலுவலகத்தை. பொலிஸ் நிலையத்தின் படி ஏறுதல் பெரும்பாலும் இறுதி வழியாகவே கொள்ளப்படுகின்றது. இதனை அறியாமை என ஒதுக்குவோர் உளர். வரலாற்றைச் சிறிது நோக்கின், இத்தயக்கம் அனுபவம் கற்பித்த பாடம் என்பது புலனாகும்.

1865 ஆம் ஆண்டில் இலங்கையில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. 11 ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைத் தண்டத்துக்கும் சிறைக்கும் உரிய குற்றவாளியாக்கிற்று. 16 ஆம் இலக்கச் சட்டம் பொலிஸ் படையை ஒழுங்கமைத்தது. பல திருத்தங்களுடன் அது இன்றும் நடைமுறையிலுள்ளது. இதனால், தோட்டத்தை விட்டு ஓடியவனைப் பிடிப்பதற்கும், அவன் தன் குறையை முறையிடுவதற்கும் உரிய இடம் ஒன்றேயாயிற்று. அத்தகைய இடத்தில் அவன் எவ்வாறு நம்பிக்கையுடன் வாய் திறப்பான்?

1940 ஜனவரியில் மூலோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். அவ்வேலைநிறுத்தத்தை ஒட்டிய வழக்குகளில் பொலிஸ் மா அதிபர் உள்நாட்டு அமைச்சரின் பணிப்புக்குக் கட்டுப்பட்டவரா என்ற பிணக்கு எழுந்து, அமைச்சரவையே பதவி துறந்தது. பொலிசுக்கு ஆணையிட வல்லவர் யார் என நாடே வாதிட்டது; பொலிசார் தொழிலாளிக்குக் கடமைப்பட்டவரா என்ற வினா பின்தள்ளப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தளிக்கும் திட்டத்தை எதிர்த்து 1977 மே 11 இல் டெவன் தோட்டத்தில் திரண்ட மக்கள்மீதும் பொலிசார் சுட்டனர். சிவனு லட்சுமணன் உயிர் நீத்தார்.

இன்றைய அலுவலர் அன்றைய துப்பாக்கிக்குப் பொறுப்பாளர் அல்லர் என்பது உண்மையே. மக்களின் ஒப்புதலே பொலிசாரின் வலிமை என்னும் கருத்து, 1829 இல் இலண்டன் மாநகரப் பொலிஸ் அமைந்த காலந்தொட்டு வேரூன்றி வந்துள்ளது. இந்நாட்டிலும் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் அவ்வெண்ணத்தின் வழிவந்தனவே. ஆயின் அக்குழுவில் அமர்பவர் யாவர்? துரைக்கும் தொழிற்சங்கத்துக்கும் வேண்டியவர் மட்டும் அமர்வராயின், பழைய ஒழுங்கே புதிய பெயருடன் தொடரும். கொழுந்து பறிக்கும் பெண்களும் லயத்து இளைஞரும் அங்கு இடம்பெறல் வேண்டும்.

அதனினும் முதன்மையானது மொழி. 1988 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம், அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை உறுதிசெய்தது. கணவனின் அடிக்கு அஞ்சி இரவில் நிலையத்துக்கு வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவள் தமிழில் கூறியது சிங்களத்தில் எழுதப்பட்டு, அவளுக்கு வாசித்துக் காட்டப்படாமலே கையொப்பம் பெறப்படின், எழுதப்பட்டது தன் சொல்தானா என்பதை அறிய அவளுக்கு வழி யாது? அடுத்த முறை அவள் வரமாட்டாள்; அவளைக் கண்ட அயலவரும் வரமாட்டார்.

விளையாட்டுப் போட்டிகளாலும் சிரமதானங்களாலும் அறிமுகம் வளரலாம். நம்பிக்கை வளர்வது முறைப்பாட்டுப் புத்தகத்திலேயாம். தோட்டத்தவர் கூறியதைக் கூறியவாறே தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிரதியை அவர் கையிற் கொடுக்கும் வழக்கம் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஒவ்வொரு நிலையத்திலும் நிலைபெறுமாயின், நூற்றைம்பது ஆண்டுக்கு மேலான தயக்கம் மெல்ல நெகிழத் தொடங்கும். அதனைக் கேட்டுப் பெறுதல் மக்களின் உரிமை. கேளாமுன்னரே வழங்குதல் அரசின் கடமை.