பிள்ளையாரைத் தாண்டி ஒரு மலை

மெல்பர்ன் தமிழர்களிடம் த பேசின் என்று சொல்லிப்பாருங்கள். "பிள்ளையார் கோயில் இருக்கிற இடம்தானே?" என்பார்கள். மவுண்டன் ஹைவேயில் உள்ள வக்ரதுண்ட விநாயகர் கோயிலுக்கு 1990களின் தொடக்கத்திலிருந்தே நம்மவர்கள் வந்துபோகிறார்கள். புதுக் கார் வாங்கியதும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வருகிறவர்களும் உண்டு. அர்ச்சனை முடிந்ததும் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு, வந்த வழியே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். மறுபக்கம் திருப்பினால் காடு என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை.

நகரத்துக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில், டான்டினாங் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது ஊர். சின்னக் கடைத்தெரு, சுற்றிலும் வீடுகள், அவ்வளவுதான். ஊர் முடிந்ததும் சாசஃப்ராஸுக்கு ஏறும் சாலைக்குச் சைக்கிள்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒன் இன் ட்வென்டி'. 20 அடி போனால் 1 அடி உயரம். கேட்க எளிதாக இருக்கும். ஏழு கிலோமீட்டர் தூரம் விடாமல் மிதித்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு டூங்கல்லா காடு. 1987இல் உருவான டான்டினாங் மலைத்தொடர் தேசியப் பூங்காவில் இதுவும் அடக்கம். மேட்டுப் பக்கம் பட்டை உரிந்து தொங்கும் யூகலிப்டஸ் மரங்கள். ஓடைப் பள்ளத்தில் இறங்கினால் ஆள் உயரத்துக்கும் மேலான மரப்பன்னங்கள். பத்து நிமிட நடையில் வெயிலும் மணமும் மாறிவிடுகின்றன. இங்கே ஒரு மாளிகை இருந்தது. விக்டோரியா சட்டமன்றத்தின் சபாநாயகராக இருந்த மேத்யூ டேவிஸ், நில வியாபாரம் கொழித்த காலத்தில் கட்டியது. 1890களில் அந்த வியாபாரம் சரிந்தபோது அவரும் திவாலானார். கைமாறி நின்ற மாளிகையை 1932 காட்டுத்தீ தின்றது. வீடு நின்ற இடத்தில் இப்போது குடும்பங்கள் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கின்றன. பணக்காரர் ஒருவரின் முற்றம் ஊருக்கே பொதுவானதில் எனக்கு வருத்தமில்லை.

மேலே ஏறும் பாதைகளில் ஒன்றின் பெயர் கையீமா. அது ஒரு விமானத்தின் பெயர். 1938 அக்டோபர் 25 அன்று அடிலெய்டிலிருந்து எசன்டனுக்கு வந்த அந்த டிசி-2 விமானம், மேகமூட்டத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியது தெரியாமல் இந்த மலைச்சரிவில் மோதியது. நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் ஹாக்கர் உட்பட 18 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு முறைகள் திருத்தி அமைக்கப்பட்டதற்கு இந்த விபத்து முக்கியக் காரணம். பனி மூடிய காலையில் இந்தப் பாதையில் நின்றால், விமானிக்கு மலை ஏன் தெரியவில்லை என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

பார்க்கப் பசுமையாக இருந்தாலும் சரிவுகள் செங்குத்து. மழைக்குப்பின் களிமண் வழுக்கும், அட்டை ஏறும். கோயிலுக்குப் போட்டுவந்த செருப்போடு ஏறாதீர்கள். காரில் ஒரு ஜோடி ஷூவும் தண்ணீரும் இருக்கட்டும். கோடையில் கிளம்புமுன் அன்றைய தீ அபாய அளவைப் பாருங்கள்; அது உச்சத்தில் இருக்கும் நாளில் பூங்காவை மூடிவிடுவார்கள். கார் இல்லாதவர்கள் பெல்கிரேவ் ரயிலில் ஏறி போரோனியாவில் இறங்கினால், அங்கிருந்து பேருந்து உண்டு.